ஐம்பது டாலர் கிட்டார்

1962ஆம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து கப்பலேறிய ஒரு குடும்பம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாசடீனா என்னும் நகரில் குடியேறியது. தந்தை டச்சுக்காரர், கிளாரினெட்டும் சாக்சபோனும் வாசிப்பவர். தாய் இந்தோனேசிய வழிவந்தவர். புதிய ஊரில் தந்தை துப்புரவுப் பணி செய்தார். வார இறுதிகளில் இசைத்தார். தாய் வீட்டுவேலைக்குச் சென்றார். ஏழு வயதான இளைய மகனுக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் வெள்ளையினச் சிறுவர்கள் துன்புறுத்தியபோது கறுப்பினச் சிறுவர்களே தமக்குத் துணை நின்றனர் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அச்சிறுவனே பின்னாளில் உலகறிந்த கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன். அவருடைய விரல்களின் வேகத்தைப் புகழாதவர் இல்லை. அதே விரல்கள் உளி பிடித்துச் செய்த வேலையை அறிந்தவர் சிலரே.

1970களில் அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒருவகை மின்கிட்டாரில் தடித்த, நிறைவான ஒலி எழும். ஆனால் சுரத்தை நெளியச் செய்யும் நெம்புகோல் அதில் இல்லை. மற்றொரு வகையில் நெம்புகோல் உண்டு. ஒலியோ மெலிது, இடையறாத இரைச்சலும் உடையது. இதன் காரணம் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்னும் உறுப்பாகும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பர். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒற்றைச் சுருள், வீட்டு மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் அவ்விரைச்சல் ஒன்றையொன்று நீக்கிவிடும்.

கடையில் கிடைக்காததைத் தாமே செய்துகொள்ள அவர் முடிவு செய்தார். குறையுள்ளதென ஒதுக்கப்பட்ட ஒரு கிட்டார் உடலை 50 டாலருக்கும், மேப்பிள் மரக் கழுத்தொன்றை 80 டாலருக்கும் வாங்கினார். உடலில் ஒற்றைச் சுருளுக்கான ஒடுங்கிய குழியே இருந்தது. மற்றொரு கிட்டாரிலிருந்து கழற்றிய இரட்டைச் சுருளை அதில் அமர்த்த வேண்டும். உளியை எடுத்துக் குழியை அகலமாக்கினார்.

இங்கே தச்சுவேலையின் நுட்பம் ஒன்றை அறிதல் நலம். மரத்தின் இழைகள் ஒரே திசையில் ஓடுபவை. முதலில் இழைக்குக் குறுக்கே இரு முனைகளிலும் வெட்டி எல்லை கட்ட வேண்டும்; பிறகே இடையிலுள்ள மரத்தை மெல்லிய செதில்களாக எடுக்க வேண்டும். எல்லை கட்டாமல் இழையின் போக்கில் உளியை அடித்தால் பிளவு கோட்டைத் தாண்டி ஓடிவிடும். செதுக்கிய மரத்தை மீண்டும் வளர்க்க இயலாது. எடியின் குழியைக் கண்டால் தேர்ந்த தச்சர் முகம் சுளிப்பார். பிக்கப் அதில் அமர்ந்தது, அவருக்கு அதுவே போதும்.

தவறுகளும் நேர்ந்தன. பிக்கப் கீச்சிடாதிருக்க அதை உருகிய மெழுகில் தோய்த்தார். சூடு மிகுந்து சில பிக்கப்புகள் உருகிப் பாழாயின. மின்னிணைப்பின் சிக்கல் விளங்காமையால் ஒரு பிக்கப்பையும் ஒரு குமிழையும் மட்டுமே இணைத்தார். பின்னாளில் கம்பிகளைத் தாங்கும் உறுப்பை மாற்றியபோது, அது சாயாதிருக்க அடியில் 1971ஆம் ஆண்டின் கால் டாலர் நாணயம் ஒன்றைத் திருகிவைத்தார். வண்ணமும் அவ்வாறே: மிதிவண்டிக்குரிய கறுப்பு வண்ணம் பூசி, ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே வெள்ளை பூசி, நாடாவை உரித்தார். 1979இல் அதன்மேல் சிவப்பும் சேர்ந்தது. அக்கிட்டார் 2019இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

மலிவான கிட்டாரைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் பிக்கப்பைக் கழற்றிக் குழியின் சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே அடுக்கடுக்கான கோடுகள் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. அதைத் தேய்த்து மரத்தின் அழகை வெளிக்கொணர முயல்வது வீண். பழைய பூச்சைத் 320 எண் உப்புத்தாளால் மங்கச் செய்து, அதன்மேலேயே வண்ணம் பூசிவிடலாம். முழுமரமாயின் 80, 120, 180, 220 என்னும் வரிசையில் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பழைய பூச்சின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசம் இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

கழுத்து அமரும் குழியை மட்டும் தேய்க்கவே கூடாது. அதன் ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும், கழுத்தின் மறுமுனையில் அது சில மில்லிமீட்டர் சாய்வாகும். பின்னர் கம்பிகள் ஒன்றில் உயர்ந்து நிற்கும், அல்லது கட்டைகளில் உரசிக் கரகரக்கும். பலருடைய முதல் முயற்சி கெடுவது இவ்விடத்தில்தான்.

வெற்று மரத்துக்கு மெருகூட்ட அரக்கு ஏற்றது. புரசு, குசும், இலந்தை மரங்களில் வாழும் சிறு பூச்சி அதைச் சுரக்கிறது. ஜார்க்கண்டில் அது மிகுதியாகக் கிடைக்கிறது. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவ வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். பெரியவர் ஒருவர் உடனிருக்க, அடுப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்க.

சொற்பொருள்: மெருகு – பளபளப்பு, இழை – மரத்தின் நார், நெம்புகோல் – விசையால் அசைக்கும் தண்டு, ஒதுக்கப்பட்ட – விலக்கப்பட்ட.

வினாக்கள்
1. இரட்டைச் சுருள் இரைச்சலை எவ்வாறு நீக்குகிறது?
2. உளியால் செதுக்கும்போது முதலில் குறுக்கே வெட்டுவது ஏன்?
3. உங்கள் வீட்டிலுள்ள மரப்பொருள் ஒன்று முழுமரமா, ஒட்டுப்பலகையா எனக் கண்டறிந்து, எவ்வாறு அறிந்தீர்கள் என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.