காவடியும் கெண்டைக்காலும்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை, காவடி எடுப்போர் 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக நடக்கிறார்கள். வரிசை நின்றுவிடும்போதுதான் எனக்குக் கவலை.

முழங்காலை விறைப்பாக நீட்டி நின்றால் மூட்டின் இணைப்பு நார்கள் இறுகி, நிற்கத் துணைசெய்யும்; தொடைத் தசைக்கு ஓய்வு. ஆனால் கெண்டைத் தசையும் அசையாமல் நின்றுவிடுகிறதே! அது சுருங்கும்போதெல்லாம் காலிலுள்ள இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். 'இரண்டாவது இதயம்' என்றே வகுப்பில் சொல்லுவேன். அது அசையாவிட்டால் இரத்தம் காலில் தங்கும், தலை சுற்றும்.

ஆகவே காத்திருக்கையில் முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, குதிகால்களை மாறிமாறி உயர்த்தித் தாழ்த்துங்கள். அப்போது குதிகாலுக்கு மேல் கயிறுபோல் இறுகுவது நரம்பன்று. கெண்டைத் தசையின் நாண். அப்படியும் தலை சுற்றினால் மறைக்காமல் உடன் வருவோரிடம் உடனே சொல்லுங்கள்.