தாயில்லாப் பேரனை வளர்க்கும் நன்னிமாவுக்கு: ஹிளானத்தும் கோர்ட் உத்தரவும்



சென்ற ஆண்டு பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஓர் அம்மா பத்து வயதுப் பேரனோடு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது மகள் மவ்த்தாகிவிட்டார். மருமகன் வளைகுடாவில் வேலை. மறுநிகாஹ் செய்து அந்தக் குடும்பமும் அங்கேயே இருக்கிறது. பையன் நன்னிமா கையில்தான் வளர்கிறான்.

“தம்பி, பேரன் பேர்ல கணக்குத் தொடங்க பேங்க்குக்குப் போனேன். கார்டியன் கையெழுத்து வேணுங்குறாங்க. ஏழு வருஷமா நான்தானே கார்டியன்?” என்றார். சொல்லிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய 20 ரூபாய்ப் பத்திரம் ஒன்றை எடுத்து வைத்தார். பிள்ளை நன்னிமாவிடம் வளர இரு தரப்பும் சம்மதிக்கிறது என்று எழுதி, ஜமாஅத் முத்திரையிட்ட காகிதம். அதை எழுதியது நாம்தான். கீழே நம் கையெழுத்தும் இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அதை வைத்துப் பார்த்தாராம். தகப்பனார் ஒப்புதல் அல்லது கோர்ட் உத்தரவு கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள்.

அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். ஆனால் தவறு நம்முடையது என்பதை மாற்றவில்லை. ஜமாஅத் பஞ்சாயத்து சண்டையைத் தீர்க்கும், மனதைச் சேர்க்கும். பேங்க், பாஸ்போர்ட் ஆபீஸ், பத்திரப் பதிவு அலுவலகம் ஆகிய இடங்களில் அந்தக் காகிதம் செல்லாது. அன்றே அந்த அம்மாவைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நம் மஹல்லாவில் இப்படிப் பேரப்பிள்ளைகளையும், அக்கா தங்கை பிள்ளைகளையும் வளர்ப்பவர்கள் இன்னும் பலர் இருப்பதால் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

ஷரீஅத்தில் இரண்டு உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. பிள்ளையைத் தன்னிடம் வைத்து ஊட்டி வளர்ப்பது ஹிளானத். பிள்ளையின் சொத்துக்கும் காரியங்களுக்கும் பொறுப்பாளராக இருப்பது விலாயத். ஹிளானத்தில் முதல் உரிமை தாய்க்கு. தாய் இல்லையென்றால், அல்லது பிள்ளைக்கு மஹ்ரம் அல்லாத ஒருவரை அவர் நிகாஹ் செய்துகொண்டால், அடுத்த உரிமை தாயின் தாய்க்கு. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் இதுதான் வரிசை. ஹனஃபியில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது வரை, பெண் பிள்ளைக்குப் பருவமடையும் வரை. ஷாஃபிஈயில் விவரம் தெரிந்த வயதில் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பார்கள். விலாயத்தோ தகப்பனாருக்கு உரியது. அவருக்குப் பின் அவர் வஸிய்யத்தாக நியமித்தவர், அதன்பின் தகப்பனாரின் தகப்பனார்.

நன்னிமாவின் உரிமை ஏதோ இரக்கத்தில் கொடுக்கப்பட்டது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் மகன் ஆஸிமின் சம்பவத்தை முவத்தாவில் பார்க்கலாம். மணவிலக்கு ஆன மனைவிக்குப் பிறந்த பிள்ளை அவர். குபா பள்ளி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கண்ட உமர் (ரலி) அவர்கள் தூக்கித் தம் வாகனத்தில் தம் முன்னால் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் நன்னிமா ஓடிவந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. பிள்ளையை அந்த அம்மாவிடமே விட்டுவிடும்படி தீர்ப்பானது. உமர் (ரலி) அவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கும் தகப்பன்மார்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சின்னம்மா, பெரியம்மாக்களுக்கும் முன்மாதிரி உண்டு. ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை வளர்க்க அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) மூவரும் போட்டியிட்டபோது, ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவி அந்தச் சிறுமியின் தாயுடன் பிறந்தவர் என்பதால் நபி (ஸல்) அவர்கள் அங்கே கொடுத்தார்கள். தாயின் சகோதரிக்குத் தாயின் இடம் என்றார்கள்.

இனி நாட்டுச் சட்டம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. அதன் 8-ஆவது பிரிவின்படி உறவினர் எவரும் மனு போடலாம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்தக் குடும்ப நீதிமன்றத்தின் எல்லையில் வருகிறதோ அங்கே போட வேண்டும். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். நம் கோர்ட்டுகளில் இந்த மனுவை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தாயோ தகப்பனாரோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாதவரை, வேறு ஒருவரைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்க 19-ஆவது பிரிவு இடம் தராது. அதனால் “என்னைக் கார்டியனாக நியமியுங்கள்” என்று நன்னிமா கேட்டால், மருமகன் தகுதியில்லாதவர் என்று நிரூபிக்கும் சண்டையாக அது மாறும். பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் கேட்பது வேறு விஷயம். தாய் மவ்த்தாகி, தகப்பனார் மறுநிகாஹ் செய்த ஒரு முஸ்லிம் குடும்ப வழக்கு கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010-இல் அதில் வந்த தீர்ப்பு, காப்பாளர் நியமனம் வேறு, பிள்ளையை வைத்துக்கொள்வது வேறு என்று பிரித்துச் சொல்லி, வழக்கு முடியும் வரை பிள்ளைகளைத் தாய்வழி உறவினரிடமே இருக்கவிட்டது. ஹிளானத், விலாயத் என்று நாம் பிரித்ததும் இதைத்தான். ஆகவே வக்கீலிடம் போகும்போது என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை இடைக்கால உத்தரவுக்கு 12-ஆவது பிரிவு இருக்கிறது.

கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனை. வயது, ஆணா பெண்ணா, மார்க்கம், கேட்பவரின் குணம், உறவின் நெருக்கம், இதுவரை யார் வளர்த்தார் என்பதெல்லாம் 17-ஆவது பிரிவில் இருக்கின்றன. யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையிடமும் நீதிபதி கேட்கலாம். மத்ஹபில் சொன்ன வயது வரம்பையும் வரிசையையும் கவனிப்பார்கள். ஆனால் அதற்கும் மேலே நலன். ஆகவே பள்ளிக்கூட ரசீதுகள், தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, மக்தப் உஸ்தாத் தரும் கடிதம் எல்லாம் சாட்சி. நம் பழைய ஜமாஅத் பத்திரமும் அந்த வரிசையில் ஒரு சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான்.

“எனக்கு வருமானம் இல்லையே, வயசும் ஆயிடுச்சே” என்பது நன்னிமாக்களின் பயம். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த குஜராத் சிறுவனை, வேலையும் பெரிய குடும்பமும் உள்ள சின்னம்மாவிடம் உயர் நீதிமன்றம் கொடுத்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தகப்பனாரின் தாய் தந்தையரிடம் கொடுத்தது. வருமானத்தையோ வயதையோ மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்றது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தர சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100.

சொத்து விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். நாம் சொன்ன அம்மாவின் மகள் பெயரில் மூன்று சென்ட் மனை இருந்தது. விற்று ஃபீஸ் கட்டலாம் என்று நினைத்தார். அதில் கணவருக்கு நாலில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதிப் பன்னிரண்டில் ஏழு பங்கு பையனுக்கு. பையனின் பங்கை நன்னிமா விற்க முடியாது. பெற்ற தாயே மைனர் பிள்ளையின் நிலத்தை விற்றாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்று 1918-இலேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. மாமா, சாச்சா யார் கையெழுத்துப் போட்டாலும் அதே கதிதான். அந்த மனையை வாங்கி ஏமாறுபவரும் பெரும்பாலும் நம் மஹல்லாக்காரராகவே இருப்பார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்கூல் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் மாமா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தகப்பன் பெயரோடு அழைக்கச் சொல்லி ஆயத் இறங்கிய பிறகு, ஸைத் (ரலி) அவர்களே ஹாரிஸாவின் மகன் ஸைத் என்று அழைக்கப்பட்டார்கள். பின்னால் வாரிசுச் சான்றுக்கும் அந்தப் பெயர் மாற்றம் பெரும் தொல்லை. போன் வந்தால் பிள்ளையைப் பேசவிடாமல் தடுப்பதும் அப்படித்தான். கோர்ட் அதை வளர்ப்பவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும். ஹிளானத் நன்னிமாவிடம் இருந்தாலும் நஃபகா தகப்பனாரின் கடமை. மாதப் பணம் வருகிறதென்றால் அதன் வங்கிக் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்த அம்மாவின் மருமகனிடம் நாமே போனில் பேசினோம். முதலில் கோபப்பட்டார். “மாமி என் பேர்ல கேஸ் போடுறாங்களா?” என்றார். வலீ நீங்கள்தான், அது மாறாது, பிள்ளை வளரும் இடத்துக்கு மட்டும் ஒரு காகிதம் கேட்கிறோம் என்று மூன்று முறை பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற சம்மதப் பிரமாணப் பத்திரத்தை அனுப்பினார். அதோடு மனு போட்டு, எதிர்ப்பில்லாமல் உத்தரவு வந்தது. லீவில் தகப்பனார் ஊருக்கு வரும்போது பையன் அவரோடு இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சென்ற ரமலானில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தான். மனை விற்காமல் அப்படியே இருக்கிறது.

இதுபோல் பிள்ளை வளர்ப்பவர்கள், சண்டை எதுவும் இல்லாத இப்போதே வாருங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். பிள்ளையின் பிறப்புச் சான்று, தாய் அல்லது தகப்பனாரின் இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றின் அசலோடு வரவும். நாம் முன்பு எழுதிக்கொடுத்த பத்திரம் யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டு வரவும்.