புது சக் மாட்டுவது எப்படி?



ஒர்க்‌ஷாப் பீரியடில் நாம் எல்லோரும் லேத்தில் வேலை செய்கிறோம். சக்கில் ஜாப்பைப் பிடிக்கிறோம், கடைகிறோம், ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அந்த சக்கை யார், எப்படி மாட்டினார்கள் என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, போன லீவில் ஒரு சக்கைத் தப்பாக மாட்டும் வரை!

கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறை. பழைய லேத்துக்கு 6 அங்குல த்ரீ ஜா சக் புதிதாக வந்திருந்தது. "டிப்ளமா படிக்கிற தம்பி மாட்டட்டும்" என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். 'தெரியாது' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

பேக் பிளேட் எதற்கு?

இந்த மாதிரி லேத்தில் சக் நேராக ஸ்பிண்டிலில் ஏறாது. நடுவில் ஒரு பேக் பிளேட் வேண்டும். இது வார்ப்பிரும்பு. இதன் பின்பக்கம் ஸ்பிண்டில் த்ரெட்டில் ஏறும். முன்பக்கம் வட்டமாக ஒரு படி எழும்பி நிற்கும். சக்கின் முதுகில் உள்ள குழிக்குள் அந்தப் படி போய் உட்காரும். சக்கை மையத்தில் நிறுத்துவது இந்தப் படிதான். போல்ட்டுகள் இழுத்துப் பிடிக்க மட்டுமே. இதை மறந்ததால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

செய்முறை

1. முதலில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யவும். ஸ்பிண்டில் த்ரெட்டையும் தோள்பட்டையையும் மண்ணெண்ணெய், பிரஷ் வைத்துச் சுத்தம் செய்யவும். தோள்பட்டையில் ஒரு சின்னப் பிசிர் இருந்தாலும் பிளேட் சாய்ந்து உட்காரும்.

2. பேக் பிளேட்டைக் கையால் சுற்றி, தோள்பட்டையில் முட்டும்வரை ஏற்றவும். மெஷினை ஓட்டி ஏற்றவே கூடாது.

3. பிளேட்டின் முகத்தையும் படியையும் அதே லேத்தில், அதே ஸ்பிண்டிலில் வைத்துத்தான் கடைய வேண்டும். வேறு லேத்தில் கடைந்தால் மையம் மாறும். வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் வேண்டாம்.

4. படியின் உயரம் குழியின் ஆழத்தைவிட அரை மி.மீ. குறைவாக இருக்கட்டும். சக் பிளேட்டின் முகத்தில் அமர வேண்டும், படியின் தலையில் அல்ல.

5. படியின் விட்டம் குழிக்குள் ஆட்டமில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். அளவு நெருங்கியதும் மெஷினை நிறுத்தி, சக்கையே வைத்துப் பார்க்கவும். அதைவிட நல்ல கேஜ் கிடையாது.

6. போல்ட் ஓட்டைகளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போடவும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. ஓட்டை. பிசிரை எடுத்துவிட்டு, பெட் மேல் மரப்பலகை போட்டு சக்கை ஏற்றவும். கைநழுவி விழுந்தால் பெட்டும் போச்சு, விரலும் போச்சு!

7. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவும். நேரான கிரவுண்ட் ராடு ஒன்றைப் பிடித்து, கையால் சுற்றி, டயலில் பார்க்கவும்.

நான் செய்த தப்பு

அஞ்சாவது படியில்தான் கோட்டை விட்டேன். குழியை வெர்னியரில் அவசரமாக அளந்தேன். வெர்னியர் நடு விட்டத்தில் நிற்காமல் ஒதுங்கியதால் அளவு குறைத்துக் காட்டியது. அதை நம்பி, சக்கை வைத்துப் பார்க்காமலேயே கடைந்துவிட்டேன். படி 0.2 மி.மீ. சின்னதாகிவிட்டது. டயல் வைத்தால் ஒரு தடவை 0.10 அவுட், கழற்றி மாட்டினால் 0.20 அவுட்.

"சக்கே சரியில்லீங்க" என்றேன். பக்கத்து மெஷின் டர்னர் அண்ணன் வந்து கையால் அசைத்துப் பார்த்தார். "சக்கு மேல தப்பு இல்ல தம்பி. படி லூசா இருக்குது. சக்கு போல்ட்டுல தொங்குது" என்றார்.

நல்லவேளை, பிளேட் 20 மி.மீ. கனம் இருந்தது. அந்தப் படியை முழுதாகச் சீவிவிட்டு, உள்ளே தள்ளிப் புதிதாக 4 மி.மீ. படி எடுத்தோம். பிளேட் அவ்வளவு மெலிந்ததால் போல்ட் நீளத்தையும் 4 மி.மீ. குறைத்தோம். இல்லாவிட்டால் போல்ட் சக்குக்குள் அடியில் முட்டியிருக்கும். கடைசியில் டயல் 0.05 காட்டியது. த்ரீ ஜா சக்குக்கு இது போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஃபோர் ஜா சக்கில் டயல் வைத்து மையம் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். சக் கீயை சக்கிலேயே விட்டு மெஷினைப் போடாதீர்கள். த்ரெட்டில் ஏறிய சக்கை வைத்து ரிவர்ஸில் கடையாதீர்கள், கழன்று பறக்கும்.

அன்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பவுண்டரியில் மண் இடிக்கிறவர். "ஒரு காஸ்டிங் வீணாப் போச்சுன்னா மண்ணுல இருந்து மறுபடி ஆரம்பிக்கோணும் கண்ணு. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிருவே?" என்றார்.

நண்பர்களே, இப்போது யாராவது புது வேலை கொடுத்தால் நான் முதலில் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகுதான் வெர்னியரை எடுக்கிறேன்.