நோவும் நோவைப் பற்றிய அச்சமும்

நோவு என்பது தேகத்தின் காவற்காரன். இதனை நன்கு விளக்கிக் காட்டியவருள் ஒருவர் டாக்டர் பால் பிராண்டு. கொல்லிமலையில் இளமையைக் கழித்து, 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்கு முக்கிய காரணம் அவர்கள் நோவை உணராமையே என்று கண்டார். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் அவர்கள் கை பின்வாங்குவதில்லை. ஆணி தைத்தாலும் கால் நிற்பதில்லை. காவற்காரன் உறங்கினால் வீடு கொள்ளைபோம்.

ஆயின், இலை அசைந்தாலும் திருடன் என்று கூவும் காவற்காரனும் உண்டு. அவனால் விளையும் கேட்டை ஈண்டு ஆராய்வோம்.

அமிர்தியில் வாழும் மூதாட்டி ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்து, ஜவ்வாது மலையடிவாரத்தினின்று வேலூருக்கு வந்து மூட்டு மாற்று சிகிச்சை பெறுகிறார். தேய்ந்த பரப்பை நீக்கி, உலோகமும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் பொருத்துகின்றனர். ஓரிரு நாளில் எழுந்து நடக்கும்படி வைத்தியர் கூறுகிறார். காலை மடக்கியவுடன் நோவு எழுகின்றது. "தையல் பிரிந்துவிடும், இனி நான் நடக்கப்போவதில்லை" என்று அவர் மனம் நடுங்குகின்றது. பார்க்க வந்த உறவினரோ, "ஆயா, அசையாமல் படுத்திருங்கள்" என்று அன்பினால் தடுக்கின்றனர்.

அசையாத மூட்டு இறுகும்; தொடைத்தசை மெலியும். பின்னர் மடக்க முயன்றால் நோவு முன்னினும் மிகும். மிக்க நோவைக் கண்டு அச்சம் வளரும். அச்சத்தால் அசைவு இன்னும் குறையும். இவ்வாறு அச்சம் தனக்குத் தானே சாட்சி தேடிக்கொள்கின்றது.

இத்தகைய எண்ணத்தை அளக்க, கானடா தேசத்து உளநூலறிஞர் மைக்கேல் சல்லிவனும் அவர்தம் கூட்டாளிகளும் 1995-ஆம் ஆண்டில் 13 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். நோவையே ஓயாது நினைத்தல், அதனைப் பெரிதாக்கிக் காணல், நம்மால் ஆவதொன்றுமில்லை எனச் சோர்தல் என்னும் மூன்றையும் அஃது அளக்கும். முழங்கால் மாற்றியவருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நோவு நெடுநாள் நீடிக்கின்றது. சிகிச்சைக்கு முன்னரே இவ்வளவுகோலில் உயர்ந்த எண் பெற்றவரிடையே அவ்வாறு நீடித்தல் அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

இதைக் கொண்டு, "உன் நோவு வெறும் மனப்பிரமை" என்று எவரையும் இகழ்தல் பெரும்பிழை. நோவு மெய்யே, அச்சம் அதன்மேல் ஏறும் சுமை. அச்சமுள்ளோர் தேறமாட்டார் என்பதும் பொய். அமெரிக்காவில் இத்தகைய அச்சம் மிக்க 402 பேரைக் கொண்டு நடத்தி, 2019-இல் வெளியிட்ட சோதனையில், நோவைத் தாங்கும் வழிகளைத் தனியே கற்றவரும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவரும் ஓராண்டின் முடிவில் ஒத்த அளவிலேயே நலம் பெற்றிருந்தனர். எல்லாத் தொகுதியாரின் நோவும் பெரிதும் தணிந்திருந்தது. ஆகவே, தனிப்பயிற்சி அளித்தால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுதற்கும் இடமில்லை; அச்சமுடையோர் நம்பிக்கை இழப்பதற்கும் இடமில்லை.

ஆயின், நாம் செய்யத்தக்கது யாது? சிகிச்சைக்கு முன்பே, இன்ன நோவு வரும், அது புதிய மூட்டு கெட்டதன் அடையாளமன்று என்று நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும். நோவு முற்றும்வரை காத்திராமல், வைத்தியர் விதித்த வேளையில் மருந்து உட்கொள்ளச் செய்து, பின்னர்ப் பயிற்சிக்குத் துணை நிற்க வேண்டும். நேற்று எட்டு அடி, இன்று பன்னிரண்டு அடி என்று எண்ணிக் காட்டினால் மனம் தெளியும். எனினும், காய்ச்சல், புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் நோவும், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றின் உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். அவை காவற்காரனின் மெய்யான கூவல்கள்.

மாணவ நண்பர்களே, நம் ஊர்களில் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து வைத்தியரின் சொல்லை விளக்கிக் கூறும் கடமை, படித்த பிள்ளைகளாகிய நமக்கே பெரும்பாலும் வந்து சேர்கின்றது. அப்போது "அசையாதீர்கள்" என்னும் அன்பைக் காட்டிலும், "என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டடி நடப்போம்" என்னும் அன்பே மேலானதென்று நினைவில் வைப்போமாக.