குங்கிலியம் தரும் மரம் எது?

வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி, தணலில் குங்கிலியம் போடுகிறீர்கள். அதைத் தரும் மரத்தைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியுமா?

அறுபத்து மூவரில் ஒருவரான குங்கிலியக் கலய நாயனாரின் கதையை அறிவீர்கள். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாத நாளில் மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொன்னார். அவரோ எதிரே வந்த குங்கிலிய மூட்டையை வாங்கிக்கொண்டு திருக்கடவூர்க் கோயிலுக்குப் போய்விட்டார்! (அந்த அம்மையாரையும் அவரோடு சேர்த்தே வணங்க வேண்டும் என்பது என் எண்ணம்.)

கருங்குங்கிலிய மரம் நம் ஊர்த் தெருக்களில் வளர்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில், மற்ற மரங்களின் உச்சியைத் தொட்டும் தாண்டியும், சுமார் 40 மீட்டர் வரை நெடுநெடுவென நிற்கும். ஆகவே அண்ணாந்து பார்த்து இலையை எண்ணுவது நடவாத காரியம். தளிர்க் காலத்தில் நிறத்தைப் பாருங்கள். பச்சைக் காட்டின் நடுவே குங்குமம் கொட்டியதுபோல் சிவந்து தெரிந்தால் அது கருங்குங்கிலியமாக இருக்கலாம். ஆனால், மழைக்காட்டில் சிவப்பாகத் தளிர்க்கும் மரங்கள் வேறும் உண்டு. நாகமரமும் அப்படித்தான். எனவே, நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கீழே உதிர்ந்த இலையை எடுத்துப் பாருங்கள். வேப்பிலை போலவே ஒரு காம்பில் இருபுறமும் இணை இணையாகச் சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. ஆனால் ஒவ்வொரு சிற்றிலையும் வேப்பிலையைவிடப் பல மடங்கு பெரிது. ஓரத்தில் நுண்ணிய பற்கள் இருக்கும். இளம் இலையின் அடியில் துருநிறத்தில் மென்மயிர் காணும். பழம் பெரிய நாவற்பழம் போலக் கருநீலம். உள்ளே கல்போலக் கெட்டியான கொட்டை. இருவாச்சிப் பறவைகள் அதை விழுங்கிக் கொட்டையைத் தொலைவில் போடுவதால்தான் காட்டில் புதுக் கன்றுகள் முளைக்கின்றன.

எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் பட்டையில் கசிந்து, கறுத்து, கண்ணாடிபோல் உறைந்து நிற்கும் பிசின்.

வெள்ளைக் குங்கிலியம் வேறு மரம். அதுவும் அதே காட்டு உயர மரம்தான். ஆனால் அதன் இலை கூட்டிலை அல்ல. மாவிலை போலத் தனி இலை. வெண்ணிறப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், நல்ல மணம். காய் முற்றினால் மூன்றாக வெடிக்கும். கடைகளில் இதே பெயரில் வடநாட்டுச் சால மரத்தின் பிசினும் விற்கிறது. சாம்பிராணியோ சுமத்ரா போன்ற கீழைத் தீவுகளின் மரத்திலிருந்து வருவது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிசின் அதிகம் வர வேண்டும் என்று மரத்தின் பட்டையை வெட்டி, அடியில் தீ மூட்டும் வழக்கம் உண்டு. அளவு மீறினால் மரம் பட்டுப்போகும். தானாகக் கசிந்ததைச் சேகரிக்கும் மலைவாழ் மக்கள் விற்கும் குங்கிலியம் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் கட்டியாகக் கேளுங்கள். பொடியில் எது கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல கருங்குங்கிலியக் கட்டி பளபளக்கும், தட்டினால் கண்ணாடிபோல் உடையும். பட்டாணி அளவு ஒரு துண்டு ஒரு வேளைத் தூபத்துக்குப் போதும்.