வேலை மாறினால் காப்புறுதிக் கட்டணமும் மாறுமா?

கிள்ளானில் ஒரு சனிக்கிழமை காலை. சாலை வரியும் காரின் காப்புறுதியும் அடுத்த வாரம் முடிவடைய இருந்தன. ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி, தன் அப்பாவுக்காகக் கணினியில் காப்புறுதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, காரின் பதிவு எண் ஆகியவற்றை நிரப்பியபின், 'தொழில்' என்ற கட்டத்தில் அவள் கை நின்றது.

"அப்பா, இதில் என்ன எழுதுவது?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகள் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த அவர், மூன்று மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வேலையை இழந்திருந்தார். இப்போது மாலை நேரங்களில் அதே காரில் வீடு வீடாகப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்து வந்தார்.

"மேற்பார்வையாளர் என்றே போடும்மா. போன வருடமும் அப்படித்தான் இருந்தது. மாற்றினால் பணம் கூடிவிடும்" என்றார் அவர்.

அப்பாவின் அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலைக்கு முன்பு, மலேசியாவில் கார்களுக்கான முழுமைக் காப்புறுதிக் கட்டணம் ஒரு பொதுவான கட்டண அட்டவணைப்படி கணக்கிடப்பட்டது. காரின் இயந்திரக் கொள்ளளவும் அதன் மதிப்பும் அக்கணக்கில் முக்கிய இடம் பெற்றன. பின்னர், பேங்க் நெகாரா இந்நடைமுறையைப் படிப்படியாகத் தளர்த்தியது. இன்று, ஒரு கார் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே மதிப்பிட்டுக் கட்டணத்தை முடிவு செய்கிறது. ஓட்டுநரின் வயது, காரின் வகை, கார் இருக்கும் இடம், முந்தைய விபத்துகள் முதலியவை கவனிக்கப்படுகின்றன. சில நிறுவனங்கள் தொழிலையும் கேட்கின்றன.

தொழிலைக் கேட்பது ஒருவரின் தகுதியை எடைபோடுவதற்காக அன்று. அவருடைய கார் எப்போது, எவ்வளவு தூரம், எதற்காகச் சாலையில் ஓடுகிறது என்பதைத் தொழில் ஓரளவு காட்டிவிடும். பணி ஓய்வு பெற்ற ஒருவரின் கார் பெரும்பாலான நேரம் வீட்டிலேயே நிற்கலாம். ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளரின் காரோ நாள் முழுவதும் ஓடலாம். சாலையில் கார் ஓடும் நேரம் கூடக்கூட விபத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே, வேலை இழந்தவர் என்பதற்காகவே ஒருவரின் கட்டணம் உயர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. எல்லா நிறுவனங்களும் ஒரே விதமாகக் கணக்கிடுவதும் இல்லை.

தொழிலின் பெயரைவிட முக்கியமானது காரின் பயன்பாடு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான காப்புறுதி, வேலைக்குச் செல்வது, கடைக்குச் செல்வது, உறவினர் வீட்டுக்குச் செல்வது போன்றவற்றுக்கு உரியது. கூலிக்காகப் பயணிகளை ஏற்றுவதோ வணிகப் பொருள்களைக் கொண்டு செல்வதோ பொதுவாக அதில் அடங்காது. இதனால்தான் இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள் அப்பணிக்கென்று கூடுதல் காப்புறுதி எடுக்கின்றனர்.

இன்னொரு செய்தியும் அப்பாவுக்கு ஆறுதல் தரக்கூடியது. தனியார் கார் வைத்திருப்பவர் இழப்பீடு எதுவும் கோராமல் இருந்தால், அடுத்த ஆண்டின் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். முதலாண்டுக்குப் பின் 25 விழுக்காடாக இருக்கும் இக்கழிவு, ஐந்தாண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும். கழிவுக்கு முன் கட்டணம் 2,000 ரிங்கிட் என்றால், அவர் 900 ரிங்கிட் கட்டினால் போதும். வேலை போனாலும் இக்கழிவு போவதில்லை. அது கவனமாகக் கார் ஓட்டியதற்குக் கிடைத்த பலன்.

உண்மையை மறைத்தால் என்ன ஆகும்? கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுத்துக்கொள்வது காப்புறுதி எடுப்பவரின் கடமை என்று 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் கூறுகிறது. வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால், நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். கவனக்குறைவால் தவறு நேர்ந்திருந்தால், கட்டிய கட்டணத்துக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம். எடுத்துக்காட்டாக, 1,000 ரிங்கிட் கட்ட வேண்டியவர் 800 ரிங்கிட் மட்டும் கட்டியிருந்தால், 10,000 ரிங்கிட் சேதத்துக்கு அவருக்கு 8,000 ரிங்கிட்டே கிடைக்கக்கூடும்.

மகள் இவற்றைக் கணினித் திரையில் இருந்த விளக்கக் குறிப்புகளிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"பணம் மட்டும் இல்லைம்மா. வேலை இல்லை என்று எழுதக் கை வரவில்லை."

"அப்படி எழுத வேண்டாமே, அப்பா. நீங்கள் தினமும் வேலைக்குத்தானே போகிறீர்கள்?" என்ற மகள், அந்தக் கட்டத்தில் 'சுயதொழில்' என்று எழுதினாள்.

அப்பா முகவரைத் தொலைபேசியில் அழைத்து, பொட்டலங்கள் கொண்டு செல்வதை மறைக்காமல் கூறினார். அதற்கும் பொருந்தும் காப்புறுதியைத் தேட வேண்டும், கட்டணம் சற்றுக் கூடும், திங்கட்கிழமைதான் பதில் தர முடியும் என்றார் முகவர்.

அன்று மாலை வழக்கமான நேரத்தில் அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. பொட்டலங்கள் எடுக்க வரும்படி அழைப்பு.

"இரண்டு நாள் பொறுங்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு வருகிறேன்" என்று கூறிவிட்டு, அவர் கார்ச் சாவியை மீண்டும் ஆணியில் மாட்டினார்.

சிந்தித்துக் கலந்துரையாடுக:
1. காப்புறுதி நிறுவனம் ஒருவரின் தொழிலைக் கேட்பது நியாயமா? காரணங்களுடன் விளக்குக.
2. இரண்டு நாள் வருமானத்தை இழக்க அப்பா எடுத்த முடிவைப் பற்றி உன் கருத்து என்ன?