குதிர் நெல்லும் வயல் நெல்லும்

பத்தாம் வகுப்பு

விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. இம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

உழவர் வீட்டில் குதிர் நிறைய நெல் இருக்கலாம். ஆனால் வயலில் விளைச்சல் இன்றேல், எடுக்க எடுக்கக் குதிர் வெறுமையாகிவிடும். ஆற்றல் வளங்களும் இவ்வாறே. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, யுரேனியம் ஆகியவை குதிர் நெல். இவை புதுப்பிக்க இயலாதவை. கதிரவன், காற்று, ஓடும் நீர், சாண எரிவாயு ஆகியவை வயல் நெல், இவை புதுப்பிக்கத்தக்கவை.

குதிர் நெல்

நம் மாநிலத்தின் பெரிய குதிர் நெய்வேலி. 1956ஆம் ஆண்டு அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கிற்று. அந்த முதல் அனல்மின் நிலையம் நெடுங்காலம் உழைத்து 2020இல் மூடப்பட்டது. பிற நிலையங்கள் இயங்குகின்றன. பல இலட்சம் வீடுகளில் விளக்கேற்றிய பெருமை நெய்வேலிக்கு உண்டு. இரவு பகல், மழை வெயில் பாராமல் மின்சாரம் தருவது இதன் சிறப்பு.

ஆயினும் நாம் கொடுக்கும் விலை பெரிது. நிலக்கரியைப் போலப் பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும். சுரங்கத்தில் நிலத்தடி நீர் புகாதபடி ஓயாமல் இறைக்க வேண்டும். விளைநிலத்தையும் வீட்டையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் பல. எரிக்கும்போது சாம்பலும் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. புவி வெப்பமடைவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

வயல் நெல்

நீலகிரியின் பைக்காராவில் 1932ஆம் ஆண்டிலேயே நீர்மின்சாரம் பிறந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் விரைந்து சுழல்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும்! இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது.

இவற்றிலும் குறை உண்டு. காற்று ஓய்ந்தால் ஆலை நிற்கும். இரவில் சூரிய மின்சாரம் இல்லை. மழை பொய்த்தால் அணை வற்றும். அணை கட்டக் காடுகள் மூழ்குகின்றன. விறகும் புதுப்பிக்கத்தக்கதே, ஆனால் மரம் நடாமல் வெட்டிக்கொண்டே போனால் அதுவும் குதிர் நெல் ஆகிவிடும்.

இக்குறைக்கு ஒரு வழியைக் கோவை மாவட்டத்துக் காடம்பாறை காட்டுகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழுள்ள நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகும் நேரத்தில் அதைக் கீழே பாய்ச்சி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கின்றனர். இவ்வாறு சேமிக்கும் வழிகள் பெருகினால், காற்றையும் கதிரவனையும் நாம் நம்பி வாழலாம்.

நமது கடமை

அதுவரை சிக்கனமே சிறந்த வழி. ஒரு வகுப்பறையில் 75 வாட் மின்விசிறிகள் நான்கு எனக் கொள்வோம். உணவு இடைவேளையில் ஒரு மணி நேரம் அவை வீணே சுழன்றால் 0.3 யூனிட் செலவாகும். முப்பது வகுப்பறைகளுக்கு 9 யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். ஆகவே ஆளில்லாத அறைகளுக்காக ஒரே நாளில் ஒன்பது கிலோ! யாரோ ஓர் உழவரின் நிலத்துக்கு அடியிலிருந்து வந்ததல்லவா அது?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், பூமி நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்றும், நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களைத் தாமதமின்றிப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இறைவன் தந்த குதிரை நம் தலைமுறையே காலி செய்துவிடலாகாது. பின்வரும் தங்கையருக்கும் அதில் பங்கு உண்டு.

தோழியரே, வகுப்பை விட்டு இறுதியாக வெளியேறுபவர் விசையை அணைப்போம். சிறு துளி பெருவெள்ளம் அன்றோ!